டச்சு நீள வார்த்தையை எங்க வெட்டணும்?

வணக்கம் மக்களே! டச்சு கத்துக்கிற நம்ம ஆளுங்களுக்காக இந்த வீடியோ. எம், ஏ, டபுள் எஸ், ஏ, ஜி, இ, பி, இ, டி. இதை வாசிங்க பார்ப்போம்.

'மஸா'ன்னா பெருங்கூட்டம், 'ஹபெட்'ன்னா பிரார்த்தனை. அப்படி வெட்டினா கூட்டுப் பிரார்த்தனை. அழுத்தம் முதல் அசை 'ம'வுல. நடுவுல வர்ற ஜி-யைத் தொண்டையிலருந்து காறிச் சொல்லணும். அதையே 'மசாஷ', 'பெட்'ன்னு வெட்டினா மசாஜ் பண்ற கட்டில்! அழுத்தம் ரெண்டாவது அசை 'சா'வுக்குத் தாவிடும், ஜி 'ஷ' மாதிரி ஆயிடும். எழுத்துல ஒரு புள்ளி கூட மாறல. டச்சுக்காரங்களே இதை வச்சு ஜோக் அடிப்பாங்க.

நாம அசைக்கு அசை ஒரே கனமா பேசிப் பழகினவங்க. இங்க அது செல்லாது. ரெண்டு பெயர்ச்சொல் ஒட்டினா, பெரும்பாலும் முதல் சொல்லுக்குத்தான் அழுத்தம். அந்தச் சொல்லுக்குள்ள எந்த அசை கனமோ, அதுதான் முழு வார்த்தைக்கும் கனம். ஆனா பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி, இங்கிலீஷ் 'தி' மாதிரி வர்றது 'டெ'யா 'ஹெட்'டான்னு முடிவு பண்றது கடைசிச் சொல். 'ஸ்டட்' நகரம், அதுக்கு டெ. 'பார்க்' ஹெட். அதனால 'ஹெட் ஸ்டட்ஸ்பார்க்'.

நடுவுல ஒரு 'ஸ்' முளைச்சதை கவனிச்சீங்களா? நகர மண்டபத்துக்கு 'ஸ்டட்ஹௌஸ்'. அங்க 'ஸ்' கிடையாது, அழுத்தமும் விதியை மீறி 'ஹௌஸ்' மேல. இதுக்கெல்லாம் காரணம் தேடாதீங்க, அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க.

'பன்னகூக்', அதான் பான்கேக், அதுல 1996-ல அமலுக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் நடுவுல ஒரு 'என்' சேர்த்துச்சு. பேச்சுல நிறைய பேர் அதை உச்சரிக்கிறதே இல்ல. எனக்கென்னவோ தேவையில்லாத வேலைன்னு தோணுது.

சிரிக்காதீங்க, நம்ம 'கக்கூஸ்' கூட டச்சுக் கூட்டுச்சொல்தான். 'கக்', 'ஹௌஸ்'. மீதியை நீங்களே புரிஞ்சுக்குங்க!

கடைசியா, வேலை செய்ய முடியாமப் போனா காசு தர்ற இன்சூரன்ஸ்: 'ஆர்பெய்ட்ஸ்-ஒன்ஹஸ்கிக்ட்ஹெய்ட்ஸ்-ஃபெர்ஸேகரிங்'. பத்து அசை. பயப்படாம அந்த ரெண்டு 'ட்ஸ்'ல வெட்டுங்க: வேலை, இயலாமை, காப்பீடு. அழுத்தம் 'ஆர்'ல. 'ஃபெர்ஸேகரிங்' டெ-ங்கிறதால மொத்தமும் டெ. பிரீமியம் எவ்வளவுன்னு மட்டும் கமெண்ட்ல கேட்காதீங்க!