இடியன் துவக்கு: கழுவத் தண்ணீர், காக்க எண்ணெய்

[காட்சி: முற்றத்து மேசையில் பழைய சாரம் விரித்து, அதன் மேல் நீளக் குழல் இடியன் துவக்கு ஒன்று.]

வணக்கம். வட்டைக் காவலுக்கு, அதாவது வயல் காவலுக்கு, அனுமதிப்பத்திரத்தோடு இடியன் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வீடியோ. இடியன் என்பது குழல் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பும் துவக்கு. இடியன் சுட்டுச் சுட்டுத் தேய்ந்து கெடுவதை விட, சுட்டபின் கழுவாமல் மூலையில் சாத்தி வைத்துக் கெடுவதுதான் அதிகம். எண்ணெய் பூசித்தானே வைத்தேன் என்பார்கள். அங்கேதான் பிழை. எண்ணெய் பிறகு. முதலில் தண்ணீர்.

ஏன் தண்ணீர்? கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. எரியும்போது அது முழுக்கப் புகையாகிப் போவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப் பொருளாகவே மிஞ்சுகிறது. வெண்புகையாகத் தெரிவது அதில் ஒரு பங்கு. மற்றது குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பார்க்கக் கரி மாதிரி இருந்தாலும், அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். உப்பு என்ன செய்யும்? காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், கார்த்திகை மார்கழியில் விடாத மழை. இந்த மட்டக்களப்புக் காற்றில் ஓர் இரவு போதும், குழலுக்குள் கறள், அதாவது துரு, தொடங்கிவிடும்.

உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. தண்ணீரில் கரையும். உப்பின் மேல் எண்ணெய் பூசினால், உப்பை உள்ளே வைத்து மூடிவிடுகிறோம், அவ்வளவுதான். மட்டக்களப்புக் கோட்டையில் நிற்கிற பீரங்கிகளும் கரிமருந்தில் சுட்டவைதான். அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்கள் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத் துடைப்பத்தைக் குழலுக்குள் விட்டு எடுத்தார்கள். மிச்ச நெருப்பும் அணையும், கசடும் இளகும்.

[காட்சி: இடிகம்பி குழலுக்குள் இறங்குகிறது. குழல் வாயருகே விரல் வைத்து அடையாளம் பிடிக்கிறார்.]

கழுவுவதற்கு முன் ஒரு வேலை. இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இடியனில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்துத் தெரியாது. கேப், அதாவது அடிபட்டதும் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, மாட்டியில்லாததை முதலில் உறுதி செய்யுங்கள். குழல் வாய் யாரையும் பார்க்காமல், உங்கள் முகத்தையும் பார்க்காமல் இருக்கட்டும். கம்பியை அடிவரை மெதுவாக விட்டு, வாயருகே அடையாளம் பிடியுங்கள். வெளியே எடுத்து, அதே அடையாளத்தைக் குழல் வாயோடு சேர்த்துக் குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கம்பி நுனி கேப் மாட்டும் முனை வரை வந்தால் குழல் வெறுமை. பல விரற்கடை முன்னமே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் நீங்களாகக் கிண்ட வேண்டாம், தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். பழைய மருந்துதானே, செத்துப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். 2008ல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஒருவர் 1860களின் பீரங்கிக் குண்டொன்றைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து இறந்தார். குழலுக்குள் வாய் வைத்து ஊதிப் பார்க்கிற பழக்கமும் இன்றோடு போகட்டும்.

[காட்சி: வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர். குழலின் அடி உள்ளே அமிழ்கிறது.]

சரி, கழுவுவோம். கேப் மாட்டும் முனையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, தனியே சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். குழல் மரத்திலிருந்து கழலும் வகை என்றால் கழற்றி, அடிப்பக்கத்தை வாளிக்குள் நிறுத்துங்கள். கழலாத வகை என்றால் மரத்தைத் துணியால் சுற்றி, துவக்கைச் சரித்துப் பிடித்துக் கழுவுங்கள். தண்ணீர் மரத்துக்குள் இறங்கக் கூடாது.

கம்பி நுனியில் பருத்தித் துணியைக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றுங்கள். கம்பியை மேலே இழுத்தால் அடித்துளை வழியாக வாளித் தண்ணீர் குழலுக்குள் ஏறும். கீழே அழுத்தினால் அழுக்கோடு பீறிட்டு வெளியே வரும். முதல் நாலைந்து இழுப்பில் தண்ணீர் மை போலக் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். கந்தகத்தின் மிச்சம் தண்ணீரோடு சேர்வதால் வருவது அது. நாற்றம் வருகிறது என்றால் கழுவ வேண்டியது கழுவுப்படுகிறது என்று அர்த்தம். தண்ணீரை மாற்றி மாற்றி, தெளியும் வரை செய்யுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். வாவிக்கரைக் கிணறுகள் சிலவற்றில் உவர்த் தண்ணீர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் வேண்டாம். குழல் சூடாகிக் கை சுடும்; உட்சுவரில் செம்மஞ்சள் படலமாக உடனே கறள் எழவும் கூடும். கை பொறுக்கும் சூடு போதும். ஆற்று மணல், இரும்புக் கம்பித் தூரிகை இரண்டும் கூடாது. அவை போடுகிற கீறலில்தான் அடுத்த தடவை கசடு பிடித்துக்கொள்ளும்.

[காட்சி: வெள்ளைத் துணித் துண்டுகள் வரிசையாக. முதலாவது சாம்பல் நிறம், கடைசி வெள்ளை.]

அலசி முடிந்த கையோடு உலர்ந்த துணியால் துடையுங்கள். துணி ஈரமில்லாமல், வெள்ளையாக வெளியே வரும் வரை. அப்புறம் தையல் மெஷின் எண்ணெய், மெல்லிய பூச்சாக. தேங்காய் எண்ணெயை மாதக்கணக்கில் உள்ளே விட்டு வைக்காதீர்கள், சிக்குப் பிடிக்கும். வைக்கும்போது குழல் வாய் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து அடித்துளையில் தேங்கும்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் உள்ளே உப்பு மிச்சம் இருக்கிறது. திரும்பவும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வெள்ளையாக வந்தால் எண்ணெயை ஒரு தடவை புதுப்பித்து உறையில் போடலாம். அடுத்த தடவை மருந்து போடுவதற்கு முன், அந்த எண்ணெயைக் கட்டாயம் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட மருந்து சரியாகப் பற்றாது. பற்றினாலும் எண்ணெயும் கசடும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டி, அன்றைய கழுவலை இரட்டிப்பு வேலையாக்கிவிடும்.