அழுது காட்டச் சொல்லாதீங்க! + புது கருப்பு பேன்ட் | நடிப்பு டிகிரி லீவு வ்லாக்

வணக்கம் மக்களே. இருங்கள், கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன். இன்றைக்கு ஹீரோ என் முகம் இல்லை, இந்த பேன்ட். தெரிகிறதா? கருப்பு, முழு பருத்தி, ஜிப் கிடையாது, பாக்கெட் கிடையாது, இடுப்பில் நாடா. இப்போது பாருங்கள், அரைமண்டி உட்காருகிறேன். இன்னும் கீழே போகிறேன். சத்தம் வந்ததா? வரவில்லை!

போன செமஸ்டர் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என் பேன்ட் சோகம் தெரியும். 799 ரூபாய் கொடுத்த ரெடிமேட் ட்ராக் பேன்ட், காலை நடிப்புப் பயிற்சியில் கவட்டில் டர்ரென்று போனது. எங்களுக்குப் பயிற்சி உடை என்றால் கருப்புதான். உடம்பு என்ன செய்கிறது என்பது மட்டும் ஆசிரியர் கண்ணில் படவேண்டும், சட்டையில் இருக்கும் பூனைப் படம் இல்லை. அதனால் லீவுக்கு வேலூர் வந்ததும் முதல் வேலையாக லாங் பஜார் போய் துணி எடுத்தேன். மீட்டர் 130, இரண்டரை மீட்டர், 325 ரூபாய். தையல் கூலி 200. ஆக மொத்தம் 525க்கு ஒரு பேன்ட்!

பக்கத்துச் சந்தில் ஒரு தையல்கார அண்ணன். ஜிப் வேண்டாம், பாக்கெட் வேண்டாம் என்றதும், "பின்ன இன்னாத்துக்குமா பேன்ட்டு?" என்றார். கடையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து காட்டினேன். கவட்டில் இரண்டு தையலும் சந்திக்கிற இடத்தில் சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்துத் தைக்க வேண்டும், அப்போதுதான் காலை எவ்வளவு அகட்டினாலும் துணி இழுக்காது. சொன்ன உடனே பிடித்துக்கொண்டார். "கராத்தேவா?" என்று கேட்டார். நடிப்பு படிக்கிறேன் என்றேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். "நடிக்கிறதுக்கு இன்னாத்துக்குமா இப்டி குந்தணும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் நடந்த வளைகாப்பில் வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது நடிப்புக்குப் படிக்குது. எங்க, அழுது காட்டு பாப்போம்" என்கிறார். கையில் கத்திரிக்காய் கொத்சு. நான் எப்படி அழுவது? சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கிற பெண்ணைப் பார்த்து, எங்க, எனக்கு ஒரு ஊசி போடு என்று பந்தியில் யாராவது கேட்பார்களா?

அழுகைதான் நடிப்பு என்று யார் இவர்களுக்குச் சொன்னது? எனக்குத் தெரியும், ரீல்ஸ்தான். கண்ணில் கிளிசரின், பின்னால் சோகப் பாட்டு, கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கும்வரை க்ளோசப். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் வருஷம் முழுக்க எங்களை யாரும் அழச் சொல்லவில்லை. தரையில் மல்லாக்கப் படுத்து, வயிற்றில் கை வைத்து, மூச்சு எங்கே போகிறது என்று பார். அப்புறம் அந்த மூச்சில் ஒரு 'ஹா'. அவ்வளவுதான். அந்த 'ஹா' தொண்டையைக் கீறாமல் கடைசி பெஞ்சு வரை போகவேண்டும். நடந்து போ, நில், திரும்பு. ஏன் திரும்பினாய்? காரணம் இல்லாமல் திரும்பினால் மறுபடி முதலில் இருந்து. ரஷ்யாக்காரர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இருக்கிறாரே, 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர், அவர் பிடித்த பிடியும் இதுதான்: உணர்ச்சியை நேராகப் போய் பிழிந்தெடுக்க முடியாது, அந்த ஆள் எங்கே இருக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்பதைச் செய்துகொண்டு போ, உணர்ச்சி தானாக வரும்.

ஆ, நாடா! நாடா 15 ரூபாய், அதை விட்டுவிட்டேன். அப்போது மொத்தம் 540. பரவாயில்லை, இன்னும் 259 ரூபாய் லாபம்தான்.

சரி, எழுத்துத் தேர்வும் உண்டு என்றால் வீட்டில் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். நாட்டிய சாஸ்திரத்தின் நான்கு அபிநயம், உடம்பால் ஆங்கிகம், பேச்சால் வாசிகம், வேஷத்தால் ஆகாரியம், உள்ளுணர்வால் சாத்விகம், எல்லாம் எழுதித்தான் ஆகவேண்டும். நானாகப் படித்தது தொல்காப்பியத்து மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எண்ணிப் பாருங்கள் அத்தை, எட்டில் ஒன்றுதான் அழுகை! சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவே இருக்கிறது, அளவுகோல் கணக்கில் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், திரை மூன்று வகை. நான் படிக்கிற கேரளத்துத் திருச்சூரில் இதைச் சொன்னால் இளங்கோ சேர நாட்டுக்காரர், எங்கள் ஆள் என்று சண்டைக்கு வருவார்கள். நல்ல சண்டை, எனக்குப் பிடிக்கும்.

தினமும் வருகிற கேள்விக்கு ஒரே தடவையில் பதில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக டெல்லி என்.எஸ்.டி. போகலாமா? முடியாது. 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி அது, மூன்று வருஷப் படிப்பு, ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு டிகிரி இருக்கவேண்டும், நாடக அனுபவமும் கேட்பார்கள். புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும் டிகிரி முடித்திருக்க வேண்டும். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகம் முதுகலையாக இருக்கிறது. அதனால்தான் நான் காட்பாடியில் ராத்திரி ஆலப்பி எக்ஸ்பிரஸ் ஏறினேன். திருச்சூரில் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, ஜி. சங்கரப்பிள்ளை 1977இல் தொடங்கியது, அங்கே இளநிலையே நாடகத்தில் படிக்கலாம். பி.டி.ஏ., பேச்சலர் ஆஃப் தியேட்டர் ஆர்ட்ஸ் என்று பெயர். மலையாளம் பயமா? மெஸ் வரிசையில் நின்றாலே வந்துவிடும். விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் வேறு சங்கதி, அதில் கேமரா, எடிட்டிங், விளம்பரம் எல்லாம் வரும். நல்ல படிப்புதான், ஆனால் அதை நடிப்புப் படிப்பு என்று நினைத்துச் சேராதீர்கள்.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயிலின் அக்னி வசந்த விழா, பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. நேற்று பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கதை. சின்ன வயதில் பாட்டி மடியில் பாதித் தூக்கத்தில் பார்த்த அதே கூத்து. இந்தத் தடவை முன்வரிசையில், ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

துரியோதனன் வேஷக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்றே பாடி முடித்து, அப்புறம்தான் முகம் காட்டினார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். கல்யாண முருங்கை, லேசான மரம்தான், ஆனாலும் விடியும்வரை சுமக்கவேண்டும். அதோடு சுற்றுகிறார். மேடையை வட்டமாகச் சுழன்று வந்து நின்றவர், உச்சஸ்தாயியில் அடுத்த அடியை எடுக்கிறார். எனக்கு அந்தச் சுழலில் பாதி சுற்றினாலே மூச்சு வாங்கும். இவர் எங்கேதான் மூச்சு எடுக்கிறார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன்! அவர் ஓர் அடி பாடினதும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள். ஜனங்கள் காது அந்தப் பக்கம் போகிற நேரத்தில், மார்புப் பதக்கத்துக்குக் கீழே வயிறு மட்டும் ஒரு தடவை உப்பி இறங்குகிறது. தோள் அசையவே இல்லை. வகுப்பில் தோளைத் தூக்காதே, தூக்காதே என்று எங்களிடம் கத்துகிறார்களே, அதுதான்.

கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரனைப் பற்றிச் சொல்லவே மறந்தேன்! அவர் துரியோதனனுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். போர்க்களத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ஊரில் கரண்ட் போனதையும் ராஜாவின் தோல்வியையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டார். பக்கத்தில் இருந்த ஆயா சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அடுத்த பாட்டில் துரியோதனன் தம்பிகளை நினைத்துப் புலம்புகிறான். அதே ஆயா, அதே தலைப்பு, இப்போது அழுகிறார். வேஷக்காரர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, மக்களே. குரல் மட்டும் கடைசி எழுத்தில் இறங்கியது.

கூத்து வாத்தியாரிடம் வீடியோ எடுக்கலாமா என்று கேட்டேன். "கூத்து முடிஞ்சி வாம்மா, பேசலாம்" என்றார். முடியும்போது விடிந்துவிட்டது, துரியோதனன் சாகிற படுகளச் சடங்குக்கு மண்ணில் அவன் உருவம் தயாராக இருந்தது, அவரைப் பிடிக்கவே முடியவில்லை. அதனால் இன்றைக்குக் காட்ட எதுவும் இல்லை, என் வாய்தான்.

செய்யாறு பக்கத்துப் புரிசைக்கும் போகவேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்தான். அந்த ஊர்க் கூத்துக் குடும்பமான தம்பிரான்கள் ஆடிய கூத்தைப் பார்த்துத்தான் நாடகாசிரியர் ந. முத்துசாமிக்கு அதில் பித்துப் பிடித்தது, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். சினிமா நடிகர் பசுபதி எல்லாம் அந்தப் பட்டறையில் பயிற்சி எடுத்தவர்.

காலேஜ் திறப்பதற்குள் இன்னும் இரண்டு கூத்தாவது பார்த்துவிடவேண்டும். ஆற்காடு, திமிரி, கலவை, ஒடுகத்தூர் பக்கம் எங்கே திருவிழா நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். அர்ச்சுனன் தபசு என்றால் முதலில் சொல்லுங்கள், அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரம் ஏறுவதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் அப்பா விடமாட்டார்.