சந்தேகங்களுக்கு விளக்கம்: அந்தக் கால் சுற்று எங்கே போனது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி வழக்கம்போல இன்வெர்ட்டரும் மின்சாரக் கட்டணமும்தான். அதையெல்லாம் பிறகு பார்ப்போம். ஒரே ஒரு கேள்வி வந்ததிலிருந்து என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். வாசிக்கிறேன், கேளுங்கள்.

"சார், எனக்குச் சொந்த ஊர் வில்லாபுரம். அபுதாபியில் வேலை. இங்கே கேபிள் பார்க்கில் வேக்போர்டு பழகுகிறேன். கிக்கரில் ஏறிக் குதித்து ஒரு முழுச் சுற்று, அதாவது 360, போடப் பார்க்கிறேன். டிராம்போலினில் சுலபமாக வருகிறது. தண்ணீரில் மட்டும் முக்கால் சுற்றில் நின்றுபோய் விழுகிறேன். காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் சுற்று கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்று நீங்கள்தான் நாற்காலி வீடியோவில் சொன்னீர்கள். அப்படியென்றால் என்னுடைய கால் சுற்று எங்கே போனது? அடுத்த மாதம் லீவில் மதுரை வருகிறேன். அங்கே இதைப் பழக ஏதாவது வழி இருக்கிறதா?"

என்ன அழகாகக் கேட்டிருக்கிறார் பாருங்கள்! நான் சொன்னதை வைத்தே என்னை மடக்குகிறார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு பையன் எழுந்து நின்றால், அன்றைக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் சுற்றைக் கயிறு எடுத்துக்கொண்டது. எப்படி எடுத்தது என்பதுதான் விஷயம்.

வேக்போர்டு என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். சுமார் 140 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பலகை. இரண்டு காலையும் அதில் பூட்ஸ் போட்டுக் கட்டிவிடுவார்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கையில் ஒரு கைப்பிடி, கைப்பிடியில் கயிறு. கயிற்றை ஒரு படகு இழுக்கும். கேபிள் பார்க் என்றால் படகு கிடையாது. குளத்தைச் சுற்றிக் கம்பம் நட்டு, மேலே ஒரு கம்பி வடம் ஓடிக்கொண்டே இருக்கும், அது இழுக்கும். புரூனோ ரிக்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் கண்டுபிடித்தது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கிக்கர் என்பது தண்ணீரில் மிதக்கவிட்ட சாய்தளம். அதில் ஏறினால் முனையிலிருந்து காற்றில் தூக்கிப் போடும்.

சரி. இப்போது நாற்காலி வீடியோவுக்கு வருவோம். பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதைச் சொல்லி அலுப்பதே இல்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் செங்கல்லை வைத்துக்கொண்டு கையை நீட்டியபடி சுற்றினேன். கையை மார்போடு சேர்த்ததும் வேகம் கூடியது. நீட்டியதும் குறைந்தது. ஆனால் நாற்காலி அசையாமல் நிற்கும்போது, காலைத் தூக்கிக்கொண்டு கையைச் சேர்த்தாலும் நீட்டினாலும் சுற்று பிறக்கவே இல்லை. இருக்கிற சுற்றை விரிக்கலாம், சுருக்கலாம். இல்லாத சுற்றை உண்டாக்க முடியாது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்குக் கோண உந்தம் மாறாமை என்று பெயர் போட்டிருப்பார்கள். காற்றில் சுற்று கிடைக்காது. கிளம்புகிற இடத்திலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பூனை பற்றி உடனே ஒருவர் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். தலைகீழாக விட்டாலும் பூனை திரும்பி நாலு காலில் விழுகிறதே, அது எங்கே சுற்றை வாங்கியது என்று. பிரான்சில் மரே என்பவர் 1894-இல் அதை அடுத்தடுத்துப் படம் பிடித்தே காட்டிவிட்டார். பூனை முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை எதிர்ப்பக்கமும் முறுக்கித் திரும்புகிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்ஜியம்தான். அந்த அளவுக்கு வளைகிற முதுகெலும்பு நமக்கில்லை. அதிலும் காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு பூனை வித்தை நடக்காது. பூனையை விடுங்கள்.

டிராம்போலினில், அதாவது ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டிய குதிக்கும் துணியில், தம்பிக்குச் சுற்று எப்படி வருகிறது? பாதம் துணியை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் தோளையும் இடுப்பையும் திருப்பி, துணியை எதிர்ப்பக்கமாகத் தள்ளி வாங்கிக்கொள்கிறார். அதன்பிறகு காற்றில் அவரைத் தொடுகிறவர் யாரும் இல்லை. வாங்கியது அப்படியே மிஞ்சுகிறது. கிக்கர் முனையிலும் இதே கதைதான். சாய்தளத்தின் நடுவிலேயே திரும்ப ஆரம்பித்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகும், அதனால் முனை வரை நேராகப் போய், விடுகிற நேரத்தில் திருப்ப வேண்டும். இது அவருடைய பயிற்சியாளர் ஏற்கெனவே தொண்டை கிழியச் சொல்லியிருப்பார்.

வித்தியாசம் இதற்கு மேல்தான். தண்ணீரில் அவர் காற்றில் இருக்கும்போதும் ஒருவர் அவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார். கயிறு! நான் நாற்காலியில் சொன்னது, வெளியிலிருந்து யாரும் திருப்பாத வரைக்கும். கயிறு திருப்புமா? திருப்பும். எந்தப் பக்கம் திருப்பும் என்பது கைப்பிடி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைப் பாருங்கள். [மேசையிலிருந்து பம்பரத்தை எடுக்கிறார்.] சித்திரைத் திருவிழாவில் பேரனுக்கு வாங்கியது. அவன் ஒரு நாள் விளையாடிவிட்டுப் போட்டுவிட்டான், இப்போது என் மேசையில்தான் குடியிருக்கிறது. சாட்டையைச் சுற்றுகிறேன். இழுக்கும்போது சாட்டை பம்பரத்தின் நடுவை நோக்கி இழுக்கிறதா? இல்லை. விளிம்பில், ஒரு ஓரமாக இழுக்கிறது. அதனால்தான் சுற்று வருகிறது. நடுவில் ஆணியடித்து அதில் சாட்டையைக் கட்டி இழுத்தால் பம்பரம் கூடவே ஓடிவரும், சுற்றாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சாட்டை பிரிந்து முடிகிற வரைக்கும் அந்த ஒரே ஓரத்தில்தான் இருக்கிறது. பம்பரம் திரும்பத் திரும்பக் கட்டையின் புதுப்புது இடம் அந்த ஓரத்துக்கு வருகிறது, ஓரம் மாறுவதில்லை. பாதியில் சாட்டை மறு ஓரத்துக்குத் தாவினால்? கொடுத்த சுற்றை அதே சாட்டை பிடுங்கிக்கொள்ளும்.

தம்பி, நீங்கள்தான் பம்பரம்.

நீங்கள் இடது காலை முன்னே வைத்து நிற்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். வலது கால் முன்னே என்றால் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு கேபிள் பக்கம் திரும்புகிற மாதிரி, இடப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள். கிளம்பியதும் இடது கையை விட்டுவிட்டு, வலது கையால் கைப்பிடியை வலது இடுப்புக்கு இழுக்கிறீர்கள். இப்போது கயிறு உங்கள் வலப்பக்கத்தை முன்னால் இழுக்கிறது. வலப்பக்கம் முன்னால் போனால் உடம்பு இடப்பக்கம் திரும்பும். ஆக, கயிறு சுற்றைக் கூட்டுகிறது. அரைச் சுற்று வருகிற வரை இது நல்ல காலம்.

அரைச் சுற்றைத் தாண்டி முதுகு கேபிள் பக்கம் வருகிறது. கைப்பிடி இன்னும் வலது இடுப்பிலேயே இருந்தால் என்ன ஆகும்? அதே வலப்பக்கத்தைத்தான் கயிறு இழுக்கிறது. ஆனால் கேபிள் இப்போது உங்களுக்குப் பின்னால். வலப்பக்கம் பின்னால் இழுபட்டால் உடம்பு வலப்பக்கம் திரும்பும், அதாவது வந்த வழியே. முதல் பாதியில் கொடுத்ததை இரண்டாம் பாதியில் வட்டி போட்டு வாங்கிக்கொள்கிறது. முக்கால் சுற்றில் நிற்கிறது. கையை நீட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம், கைப்பிடி உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பலமாகத் திருப்பும். புத்தகத்தில் திருப்பு விசை என்று படித்தோமே, அதுதான். கதவைக் கீல் பக்கம் தள்ளிப்பார்த்த வீடியோ ஞாபகம் இருக்கும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? கைப்பிடியை உடம்பைச் சுற்றி அனுப்ப வேண்டும். கால் சுற்றில், கேபிளை நேராகப் பார்க்கும்போது, வலது இடுப்பில். அரைச் சுற்றில் நடு முதுகில், அங்கே இடது கை காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முக்கால் சுற்றில் இடது இடுப்பில். கணக்குப் போட்டுப் பாருங்கள், கைப்பிடி உங்கள் உடம்பில்தான் இடம் மாறுகிறது. மேலே நின்று பார்க்கிறவனுக்குக் கயிறு உங்களுடைய ஒரே ஓரத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். சாட்டை மாதிரியே. கடைசி வரை கூட்டிக்கொண்டே இருக்கும்.

கை மாற்றுவது என்று எல்லோரும் அதைக் கயிறு நழுவாமல் இருப்பதற்கான வேலையாக மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கை மாற்றுவதே சுற்றின் இரண்டாவது பாதிக்கு எரிபொருள். மாற்றத் தாமதித்தால் எரிபொருள் பிரேக் ஆகிவிடும்.

நேரம் எவ்வளவு கிடைக்கும் என்றும் பார்த்துவிடுவோம். ஒரு மீட்டர் உயரம் போய் அதே மட்டத்துக்கு இறங்க 0.9 நொடி. அரை மீட்டர் என்றால் 0.64 நொடி. இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இடது கை முதுகுக்குப் பின்னால் போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு கைப்பிடியைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. கைக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவின் பார்க்ஸ் போனிஃபே மூன்று முழுச் சுற்று, 1080, போட்டு இறங்கியபோது இந்தக் கைமாற்றம் அவருக்கு யோசிக்காமலே நடந்திருக்கும், வேறு வழியே இல்லை.

இனி மதுரையில் எங்கே பழகுவது என்ற கேள்வி. தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அங்கே வடம் பிடித்து இழுப்பது தை மாதம் மீனாட்சியும் சொக்கரும் வருகிற தெப்பத்தைத்தான். உங்களை யாரும் இழுக்க மாட்டார்கள். வண்டியூர் கண்மாயும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது தண்ணீரே இல்லை, ஒரு மரம்.

வீட்டு வாசலில் வேம்போ புங்கமோ இருக்கும். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பட்டை உரியாமல் இருக்க ஒரு சாக்கை மடித்துச் சுற்றி, அதன்மேல் நைலான் கயிற்றைக் கட்டுங்கள். கைப்பிடிக்குப் பழைய கிரிக்கெட் ஸ்டம்ப் போதும். ஒன்றேகால் அடிக்கு அறுத்து, நுனியை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு முனையிலும் துளை போட்டுக் கட்டுங்கள். செருப்பில்லாமல் நின்று, கயிறு விறைக்கிற அளவுக்குப் பின்னால் சாயுங்கள். மெதுவாக, காலடி எடுத்து வைத்துச் சுற்றுங்கள். குதிக்க வேண்டாம். வலது இடுப்பு, நடு முதுகு, இடது இடுப்பு. பார்வை இடது தோளுக்கு மேலாக முன்கூட்டியே போக வேண்டும். கயிறு எங்கே தொய்கிறது, எங்கே உங்களை வெடுக்கென்று திருப்புகிறது என்று கவனியுங்கள். வேண்டுமென்றே ஒரு தடவை கைப்பிடியை வலது இடுப்பிலேயே வைத்துக்கொண்டு முக்கால் சுற்று வரை போய்ப் பாருங்கள். அபுதாபியில் தொலைந்த கால் சுற்று அங்கே மரத்தடியில் அகப்படும். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், நீங்கள் பாட்டுக்குச் சுற்றுங்கள். கை தானாக மாற ஆரம்பித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

திரும்பிப் போனதும் நேராகக் கிக்கருக்கு ஓடாதீர்கள். தண்ணீர் மட்டத்திலேயே, குதிக்காமல், பலகையை வழுக்கவிட்டு ஒரு முழுச் சுற்று கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அது வந்தால்தான் கிக்கர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். கை மாற்றாமலே 360 போட முடியுமா? முடியும்! கிளம்புவதற்கு முன்பே கயிற்றை இடுப்பைச் சுற்றி முன்பக்கமாகக் கொண்டுபோய், கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். 'ராப்' என்று சொல்கிறார்கள். குதித்ததும் கயிறு இழுக்க இழுக்கப் பிரியும், ஆள் சுற்றுவார், சுற்று முடியும்போது கைப்பிடி முன்னால் வந்திருக்கும். இதைப் படகு வீடியோ ஒன்றில் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சாட்டை சுற்றி விட்ட பம்பரம், அப்பட்டமாக அதேதான்! ஆக்கர் குத்தி விளையாடிய எந்தப் பையனுக்கும் இது சொல்லாமலே புரியும். ஆனால் தம்பி, இதைத் தனியாகப் பழக வேண்டாம். உடம்பில் கயிறு சுற்றியிருக்கும்போது விழுந்தால், கைப்பிடியை உடனே விடவேண்டும். பிடித்துக்கொண்டிருந்தால் கயிறு இறுக்கும். மணிக்கட்டிலோ கழுத்துப் பக்கமோ ஒருபோதும் கயிறு வரக்கூடாது. ஹெல்மெட்டும் மிதவை ஜாக்கெட்டும் இல்லாமல் எதுவும் வேண்டாம். உங்கள் பார்க்கில் ராப்புக்கு அனுமதி உண்டா என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீவுக்கு வரும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், மரத்தடியில் சுற்றுவதை. முகம் தெரிய வேண்டாம், மேலே மொட்டைமாடியிலிருந்து எடுத்தால் கயிறு எந்த ஓரத்தில் போகிறது என்று எல்லோருக்கும் காட்டுவேன்.

அடுத்த கேள்வி திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா. மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது நடுவில் குழி விழுந்து தேங்காய் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்கிறதே, ஏன் என்று கேட்கிறார். அம்மா, மூடியைத் திறக்காமல் ஒரு நிமிடம் இருங்கள், வருகிறேன்.