வீட்டு ஒயரிங்: லைட் எரிந்தால் மட்டும் போதுமா?

வணக்கம் மக்களே. வீட்டு மின் வேலைக்குக் கட்டாய ஆய்வு வேண்டுமா? இன்றைக்கு நேராக இந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கையில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். முன்பக்கம் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு துளையைச் சுற்றி லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது திருப்புகிறேன். ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் உருகி, கொப்புளம் விட்டு, கரியாகிப் போயிருக்கிறது. வயரின் இன்சுலேஷன் விரல் நீளத்துக்கு வெந்து விறைத்துவிட்டது. தொட்டால் உதிர்கிறது பாருங்கள். உள்ளே இருக்கிற செம்பும் கறுத்துவிட்டது.

ஒரு வீட்டில் வாட்டர் ஹீட்டருக்கு இருந்த பாயிண்ட் இது. நான் கழற்றுகிற வரைக்கும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் யாருக்கும் ஒரு புகாரும் கிடையாது. வேறு வேலைக்காகப் போன இடத்தில் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வந்தது. ஸ்விட்ச், சாக்கெட் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த வாடைதான் வரும். உங்கள் வீட்டில் காரணமே இல்லாமல் அப்படி வாடை அடித்தால், முதலில் மெயினை அணையுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

இது ஏன் இப்படி ஆனது? பின்னால் இருக்கிற ஸ்க்ரூவை ஒழுங்காக முறுக்கவில்லை. வேறு ஒன்றுமே இல்லை. பிடி லூசான இடத்தில் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு இருக்கிற தடை, கூடும். அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால், பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்குங்கள், 50 வாட் வருகிறது. சுவருக்குள்ளே ஒரு சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிற கணக்கு. ஹீட்டர் ஓடும்போது சூடேறும், நின்றதும் ஆறும், மறுபடி சூடேறும். ஒவ்வொரு தடவையும் கம்பி விரிந்து சுருங்குவதால் பிடி இன்னும் தளரும், மேலே ஆக்சைடு படியும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும். வீட்டு வயரில் இருக்கிற சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்படிதான் செய்யப்பட்டது.

போர்டில் எம்சிபி, அதாவது கரண்ட் அதிகமானால் தானாகத் துண்டிக்கிற ஸ்விட்ச், போட்டிருக்கிறோமே, அது விழுந்திருக்குமே என்று கேட்பீர்கள். விழாது. கரண்ட் அளவுக்கு மேல் போகிறதா என்பதை மட்டும்தான் எம்சிபி பார்க்கும். இங்கே ஓடினது ஹீட்டருக்கு வேண்டிய அதே 10 ஆம்பியர். சரி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி? அதுவும் விழாது. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்க்கிறது. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவை எட்டினால் 300 மில்லி செகண்டுக்குள் துண்டிக்கும். கசிவே இல்லாத இடத்தில் அதற்கு எதுவும் தெரியாது. ஆர்க் ஃபால்ட் கருவி என்று ஒன்று வந்திருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அது ஸ்பார்க்கைத்தான் தேடும், இந்த மாதிரி சத்தமில்லாத சூட்டைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வந்து கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் லோடு ஓடும்போது தெர்மல் கேமரா பிடித்துப் பார்க்க வேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவன். வீட்டு மின் வேலைக்குக் கட்டாய ஆய்வு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். அதற்கு முக்கியமான காரணம் இந்த பிளக் பாயிண்டிலேயே இருக்கிறது. தப்பாகச் செய்த மின் வேலையும் வேலை செய்யும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், வீட்டுக்காரர் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்.

இன்னொன்று சொல்கிறேன், இது மிகச் சாதாரணமாக நடக்கிற தப்பு. லைட் ஸ்விட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்க வேண்டும். மாற்றி, நியூட்ரலை ஸ்விட்சுக்குக் கொடுத்து ஃபேஸை நேராக ஹோல்டருக்குக் கொண்டுபோய்விட்டால், லைட் அழகாக எரியும், அழகாக அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஒருவர் ஏணியில் ஏறி பல்பு மாற்றுவார். எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். வயர்கள் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் அந்த மினுங்கல் வரும், அதனால் உடனே பயந்துவிட வேண்டாம், ஆனால் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பொய் எர்த்தைப் பார்க்கும்போதுதான். மூன்று பின் பாயிண்ட் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்துக்கு எர்த் வயர், அதாவது கசிகிற கரண்டைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுபோகிற வயர், இருக்காது. எர்த் இழுக்க வேண்டும் என்றால் சுவரை உடைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு இரண்டு அங்குலம் வயரை வளைத்து முறுக்கிவிடுவார்கள். கடையில் விற்கிற மூன்று லைட் சாக்கெட் டெஸ்டரைச் சொருகிப் பாருங்கள், எல்லாம் சரி என்று காட்டும். ஏனென்றால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முடிந்துவிட்டால் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது அந்தப் பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் வயர் எங்கோ ஒரு ஜாயிண்டில் விட்டுப்போகிறது என்று வையுங்கள். ஃபேஸ், அங்கே சொருகியிருக்கிற வாஷிங் மெஷினின் மோட்டார் வழியாக வந்து நியூட்ரல் டெர்மினலில் நிற்கும். அங்கிருந்து அந்த இரண்டு அங்குல வயர் வழியாக மெஷினின் இரும்பு உடம்புக்கே ஏறிவிடும். மெஷின் நின்றுபோகும். என்ன ஆயிற்று என்று பார்க்க வருகிறவர் முதலில் என்ன செய்வார்? கையை அதன் மேல்தான் வைப்பார்.

ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால் அந்த நேரத்தில் காப்பாற்ற எதுவும் கிடையாது. மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டி அது நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிற அபாயம் வந்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது, அதன் அளவில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

என் வீடு, என் ரிஸ்க், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். அந்த எண்ணத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த இரண்டு அங்குல வயரை முறுக்கியவர் அங்கே குடியிருக்கப் போவதில்லை. வேலைக்கு ஆள் வைத்த வீட்டுக்காரர்கூட வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருக்கலாம். தொடப்போவது அடுத்து குடிவருகிறவர், இல்லை அவருடைய குழந்தை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வழியும் இல்லை.

உலகத்தில் இதை எப்படி எப்படியோ செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதிப்படி, வாடகை வீடுகளுக்கு குறைந்தது 5 ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு கட்டாயம். அந்த அறிக்கையில் குறைகளைத் தரம் பிரிப்பார்கள். சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடியது, சி3 என்றால் சரிசெய்தால் நல்லது. முதல் இரண்டு வகை இருந்தால் வீட்டு உரிமையாளர் 28 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும், அவசரம் என்றால் அதற்கும் முன்னாலேயே. பிரான்சில் வீட்டை விற்கும்போது ஒயரிங் 15 ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் சோதனை அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஆனால் விற்பவர் குறையைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வாங்குகிறவருக்குத் தகவல் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான் படுகிறது.

எனக்குப் பிடித்தது ஜப்பான் வழி. அங்கே சாதாரண வீடுகளுக்கே 4 ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை சட்டப்படி உண்டு, குடியிருப்பவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கசிவு கரண்டை கிளாம்ப் மீட்டரால் அளப்பார்கள். 1 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். நிறைய வீடுகளில் உள்ளே வராமல் வெளியிலிருந்தே இதை முடித்துவிடலாம். நான் காட்டின லூஸ் ஸ்க்ரூவை அந்த அளவீடு பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் ஒரு ஆள் வருகிறார் பாருங்கள், அது பெரிய விஷயம். கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டு, செலவைக் கஷ்டப்படுகிற வீட்டுக்காரர் தலையில் கட்டினால், அவர் கதவைத் திறக்காமல் இருக்கத்தான் வழி தேடுவார்.

ஆய்வு எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. புது ஒயரிங் என்றால், சுவர் பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை, எல்லாம் முடிந்து கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் இரண்டு கட்டமாகப் பார்க்கிறார்கள். பூசின பிறகு வந்து நிற்கிற ஆய்வாளருக்கு உள்ளே எத்தனை ஜாயிண்ட் டேப் சுற்றி விடப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதன் பிறகு வீடு கைமாறும்போது ஒன்று, நடுவில் நீண்ட இடைவெளியில் ஒன்று. ஒரு ஸ்விட்ச் மாற்றுவதற்கெல்லாம் ஆய்வு கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், சட்டத்துக்கே மரியாதை போய்விடும்.

சொந்த வீட்டில் தாங்களே வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களும் இந்த வீடியோவைப் பார்ப்பீர்கள். நியூசிலாந்தில் வீட்டுக்காரரே சில ஒயரிங் வேலைகளைச் செய்யலாம், ஆனால் லைசென்ஸ் உள்ள ஆய்வாளர் வந்து சோதித்த பிறகுதான் கரண்டோடு இணைக்க முடியும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வேலை செய்தது யார் என்பதைவிட வேறொரு ஆள் அளந்து பார்த்தாரா என்பதுதான் எனக்கு முக்கியம். முப்பது வருஷம் அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியனுக்கும் இது பொருந்தும். தன் வேலையைத் தானே பார்க்கும்போது, சரியாகத்தான் செய்திருப்போம் என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

இதெல்லாம் வெறும் காகிதமாகிவிடும், காசை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்கிற பயம் இருக்கிறது. நியாயமான பயம். அதற்கு அறிக்கையில் எண்கள் இருக்க வேண்டும், டிக் மட்டும் போதாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் கொடுத்து அளந்த இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்கிறதா? ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது? லூப் இம்பீடன்ஸ், அதாவது கோளாறு வந்தால் கரண்ட் ஓடித் திரும்புகிற முழுச் சுற்றின் தடை, எவ்வளவு? எந்த மீட்டரால் அளந்தார், அதன் சீரியல் நம்பர் என்ன? பொய் அறிக்கையைப் பிடிக்க லூப் இம்பீடன்ஸ் வரிசையைப் பாருங்கள். வயரின் நீளத்தைப் பொறுத்து அந்த எண் மாறும். போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாயிண்டுக்கும் மாடியில் கடைசி மூலையில் இருக்கிற பாயிண்டுக்கும் ஒரே 0.50 ஓம் என்று எழுதியிருந்தால் அவர் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கட்டாய ஆய்வு வந்தால் லைசென்ஸ் இல்லாமல் வேலை கற்றுக்கொண்ட பலருடைய பிழைப்பு போய்விடும் என்பதும் உண்மையான கவலை. அவர்களில் கைவேலை அருமையாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் துரத்துகிற சட்டம் வேண்டாம். தேர்வு எழுதாமலே, செய்முறையில் நிரூபித்து லைசென்ஸ் வாங்க ஒரு வழி கொடுத்தால் நிறைய பேர் வருவார்கள். எர்த் எதற்கு என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே இல்லை.

சட்டம் வருகிற வரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், சில மாதங்களுக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது கெட்டுவிட்டது, மாற்றச் சொல்லுங்கள். விழுந்தால் அந்தக் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், வீட்டில் எர்த் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. இரண்டாவது, அடுத்து எந்த மின் வேலை செய்தாலும், பேசும்போதே மீட்டரால் அளந்து எண்களை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். போர்டை நீங்களாகத் திறக்க வேண்டாம், தயவுசெய்து.

அடுத்த வீடியோவில் ஒரு சோதனை அறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன். உங்களிடம் அப்படி ஏதாவது அறிக்கை இருந்தால் பெயர், முகவரியை மறைத்துவிட்டு லூப் இம்பீடன்ஸ் வரிசையை மட்டும் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். நன்றி.