பென்சில் முனை உடைந்த இரவு: 1952-ல் நிக்ஸன் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதை

[திரையில்: கிளீவ்லாண்ட், 1952 செப்டம்பர் 23, இரவு]

கையில் பென்சில், மஞ்சள் தாள் கட்டு. எதிரே கறுப்பு வெள்ளை டிவி. பார்த்துக்கொண்டிருப்பவர் ஐசனோவர்: உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஜெனரல், இப்போது அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். டிவியில் பேசுபவர் அவரோடு ஜோடியாக நிற்கும் துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் நிக்ஸன். வயது 39. பேச்சு முடியப்போகும் நேரத்தில் நிக்ஸன் ஒன்று சொல்கிறார். ஐசனோவர் பென்சிலைத் தாளில் ஓங்கிக் குத்துகிறார். முனை உடைகிறது.

அப்படி என்ன சொன்னார்? ஐந்து நாள் பின்னால் போவோம்.

செப்டம்பர் 18. நியூயார்க் போஸ்ட் பத்திரிகையில் ஒரு செய்தி. பணக்காரர்கள் ரகசியமாக நிதி சேர்த்துக் கொடுக்கிறார்கள், நிக்ஸன் தன் செனட்டர் சம்பளத்துக்கு மீறி வாழ்கிறார் என்று. தொகை 18,235 டாலர். பயணம், தபால் மாதிரியான அரசியல் செலவுகளுக்கு என்றார் நிக்ஸன். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் அப்போதைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன் ஆட்சியில் நடந்த ஊழலைச் சொல்லித்தான் இவர்கள் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அடி பலமாக விழுந்தது.

ஐசனோவர் அவரைக் கைவிடவும் இல்லை, கைகொடுக்கவும் இல்லை. காத்திருந்தார். ஹவாயில் இருந்த கலிபோர்னியா செனட்டர் நோலண்டை வரவழைத்துத் தன் பிரசாரப் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். நிக்ஸன் விலகினால் அந்த இடத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே! போர்ட்லாண்டில் இருந்த நிக்ஸனுக்கு ஐசனோவரிடமிருந்து போன் வந்தது. அதிலும் பிடிகொடுக்காமல் பேசினார். கடைசியில் நிக்ஸன் பொறுமை இழந்து, 'முடிவெடுங்கள், இல்லையென்றால் வழிவிடுங்கள்' என்ற அர்த்தத்தில் அந்த ஜெனரலிடமே கொச்சையாகக் கத்திவிட்டார்.

சரி, டிவியில் விளக்கம் கொடுக்கட்டும் என்று முடிவானது. கட்சி 75,000 டாலர் கட்டி அரை மணி நேரம் வாங்கியது. ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது இன்னொரு போன். நியூயார்க் கவர்னர் டூயி பேசினார்: பேச்சின் முடிவில் நீங்கள் விலகுவதாகச் சொல்ல வேண்டும் என்று ஐசனோவரின் ஆலோசகர்கள் நினைக்கிறார்கள். நிக்ஸன் பிடிகொடுக்கவில்லை.

[திரையில்: ஹாலிவுட், எல் கேப்பிட்டன் அரங்கம்]

பேச ஆரம்பித்தார். 1950 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார். பெற்றோரிடம் வாங்கிய 3,500 டாலர் கடன். வீட்டுக்கடன். மனைவி பாட் நிக்ஸனுக்கு விலை உயர்ந்த மிங்க் கோட் கிடையாது, துணிக் கோட்டுதான். நம் வரவு செலவை ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டவர் பாட். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே அத்தனையையும் சொன்னார். அந்த அரை மணி நேரமும் அவர் முகத்தைப் பார்த்தால் மனது கனக்கிறது. அப்புறம் நாய்க்குட்டி. டெக்சஸிலிருந்து ஒருவர் அனுப்பியது. ஆறு வயது மகள் டிரிசியா அதற்கு 'செக்கர்ஸ்' என்று பெயர் வைத்தாள். யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்றார்.

இன்றுவரை எல்லோரும் அந்த நாய்க்குட்டியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அவர் நகர்த்திய இரண்டு காய்கள்.

ஒன்று, ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் இருவரும் தங்கள் பணக்கணக்கை வெளியிடட்டும் என்றார். நால்வரில் மூவர் கணக்குக் காட்டினால் நான்காமவர் சும்மா இருக்க முடியுமா? அந்த நான்காமவர் ஐசனோவர். தன் போர் நினைவு நூலில் வந்த பணத்துக்கு வரிச்சலுகை பெற்றவர். பென்சில் உடைந்தது இங்கேதான்.

இரண்டாவது காய்தான் பெரியது. நான் இருப்பதா போவதா என்று நீங்கள் சொல்லுங்கள் என்று மக்களிடம் கேட்டார். தந்தி அனுப்பச் சொன்னது ஐசனோவருக்கு இல்லை, கட்சியின் தேசியக் குழுவுக்கு. தன்னை நீக்கும் அதிகாரத்தை, கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைவரின் கையிலிருந்து எடுத்துவிட்டார். பதவி மேல் இருந்த ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

தந்திகள் குவிந்தன. அப்போதும் ஐசனோவர் பாராட்டினாரே தவிர, நீதான் என் ஜோடி என்று சொல்லவில்லை. நேரில் வா என்றார். கோபத்தில் நிக்ஸன் விலகல் தந்தியே எழுதச் சொல்லிவிட்டார். உதவியாளர் சாட்டினர் அதைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் விமான நிலையம். ஐசனோவரே விமானத்துக்குள் ஏறி வந்து, "நீ என் பையன்" என்றார். அன்றிரவு நிக்ஸன் ஒருவர் தோளில் முகம் புதைத்து அழுத படம் இருக்கிறது. அது யார் தோள் தெரியுமா? அவர் இடத்துக்காக வரவழைக்கப்பட்டிருந்த அதே நோலண்டின் தோள்.

நவம்பரில் ஜெயித்தார்கள். நிக்ஸன் எட்டு வருடம் துணை அதிபர். 1960-ல் அவரே அதிபர் வேட்பாளரானபோது, அவர் சொன்ன எந்த முக்கிய யோசனையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு நிருபர் ஐசனோவரைக் கேட்டார். ஒரு வாரம் கொடுத்தால் ஏதாவது யோசித்துச் சொல்லலாம், எனக்கு நினைவில்லை என்றார் ஐசனோவர்.