குரோம் நின்னு நின்னு ஓடுது, வேற எந்த பிரவுசர் போடலாம்?

பாவூர்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காவ. வீட்ல டெஸ்க்டாப்பு, விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி, பழைய ஹார்டு டிஸ்க்கு. பையனுக்கு வகுப்பு ஓடும்போது இன்னொரு டேபைத் தொறந்தா அப்படியே நின்னுருதாம். போதாததுக்கு கரண்டு போய் வந்த அன்னைக்கு பேங்க் சைட்டுக்குப் போனா, ‘உங்க இணைப்பு பாதுகாப்பா இல்ல’ன்னு சிவப்பு முக்கோணம் வருதாம். ‘எந்த பிரவுசர் போட்டா ரெண்டும் சரியாகும்’னு கேக்காவ.

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிருவோம். அது பிரவுசர் கோளாறே இல்லக்கா. அந்த முக்கோணம் வரும்போது திரையோட வலது மூலைல கீழ தேதியப் பாருங்க. பல வருசம் பின்னால போயிருக்கும். மதர்போர்டுல, அதான் பெட்டிக்குள்ள இருக்க பெரிய பலகைல, ஒரு ரூபா நாணயம் மாதிரி ஒரு பேட்டரி உண்டு, சிஆர் 2032, 3 வோல்ட்டு. கரண்டு இல்லாத நேரத்துல கடிகாரத்த ஓட்டுதது அதுதான். அது தீந்துட்டா தேதி பழசுக்குப் போயிரும். ‘இது அசல் சைட்டுதான்’னு பிரவுசருக்குக் காட்டுத சான்றிதழ் ஒண்ணு பேங்க் சைட்டுக்கு உண்டு, அதுக்கு இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க கம்ப்யூட்டர் தேதி அதுக்கு வெளிய நின்னா எந்த பிரவுசரும் உள்ள விடாது. குரோமை எடுத்துட்டு ஃபயர்பாக்ஸ் போட்டாலும் இதே கததான். பிளக்கைப் புடுங்கிட்டு, பெட்டியோட இரும்புல ஒரு தடவ கைய வச்சுட்டு, பழசக் கழத்திப் புதுசப் போடுங்க. பிளஸ் குறி மேல பாத்து இருக்கணும். அதுவரைக்கும் தேதியக் கையால சரி பண்ணிக்கிட்டாப் போதும். ‘பரவால்ல, தொடரு’ன்னு காட்டுத லிங்க்க அமுக்கிட்டு பேங்க் சைட்டுக்குள்ள மட்டும் போயிராதீங்க.

இப்போ வேகத்துக்கு வருவோம். பிரவுசர மாத்துததுக்கு முன்னால குரோமைத் தொறந்து வச்சுக்கிட்டு ஷிப்ட்டையும் எஸ்கேப்பையும் சேத்து அமுக்குங்க. ஒரு பட்டியல் வரும். மெமரிங்கிற தலைப்பு மேல ஒரு தட்டு தட்டினா, அதிகமா எடுக்கது மேல வந்து நிக்கும். ஒவ்வொரு டேபும், ஒவ்வொரு எக்ஸ்டென்சனும் (பிரவுசரோட ஒட்டிப் போடுத சின்ன புரோகிராம்) தனித்தனியா எவ்வளவு எடுக்குன்னு அதுல தெரியும். எப்பவோ போட்டு மறந்துபோன கூப்பன் எக்ஸ்டென்சன், பிடிஎஃப் மாத்துத எக்ஸ்டென்சன்லாம் அங்கன உக்காந்திருக்கும். அதுகளத் தூக்கினாலே பாதி மூச்சு வரும். இந்த ஷிப்ட் எஸ்கேப் ஃபயர்பாக்ஸ்லயும் வேலை செய்யும்.

ஏன் நிக்கிதுன்னா, 4 ஜிபில விண்டோஸே கிட்டத்தட்ட பாதிய எடுத்துக்கிடும். மிச்சம் நிறைஞ்ச உடனே விண்டோஸ் ராம்ல இருக்கத ஹார்டு டிஸ்க்குக்கு மாத்தி மாத்தி எழுதும். சுத்துத டிஸ்க்கு அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது. சிபியூ பெட்டி முன்னால இருக்க ஹார்டு டிஸ்க் லைட்டு (பவர் லைட்டு இல்ல) அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா இதுதான் நடக்குன்னு வச்சுக்கிடுங்க.

அப்போ எந்த பிரவுசர்? உங்க மெசினுக்கு நான் மைக்ரோசாஃப்டோட எட்ஜதான் சொல்லுவேன். ஏற்கெனவே உள்ள இருக்கு, புதுசா எதையும் ஏத்த வேண்டாம். குரோமுக்கும் அதுக்கும் எஞ்சின், அதான் பக்கத்தத் திரையில காட்டுத உள்பகுதி, ஒண்ணுதான். பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே அந்த குரோமியம் எஞ்சின்தான், பாடி கட்டுனதுதான் வேற. அதனால குரோம்ல ஓடுத சைட்டு எட்ஜ்லயும் ஓடும். செட்டிங்ஸ்ல ‘சிஸ்டம் அண்டு பெர்ஃபார்மன்ஸ்’ போங்க. ஸ்லீப்பிங் டேப்ஸ்னு இருக்கும், அதுல நேரத்த 5 நிமிசம்னு வைங்க. பாக்காத டேபு தூங்கிரும், அது பிடிச்சிருந்த மெமரியில பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். அதே பக்கத்துல ஸ்டார்ட்டப் பூஸ்ட்ட அணைச்சிருங்க. எட்ஜ் சட்டுனு தொறக்கணும்னு எப்பவும் பின்னால ஓடிக்கிட்டிருக்க ஏற்பாடு அது, 4 ஜிபிக்கு ஆகாது. வீட்ல கண்ணு மங்கின பெரியவங்க இருந்தா இன்னொரு லாபமும் இருக்கு. தமிழ்ப் பக்கத்தத் தொறந்து வச்சுக்கிட்டு கண்ட்ரோல், ஷிப்ட், யூ அமுக்கினா வாசிச்சுக் காட்டும், குரலும் கேக்குத மாதிரிதான் இருக்கும்.

குரோம்தான் வேணும்னா அதுலயும் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல மெமரி சேவர் இருக்கு, மேக்சிமம்ல வைங்க.

ஃபயர்பாக்ஸ ரெண்டாவதா வச்சுக்கிடுங்க. அதுக்கு எஞ்சினே வேற, கெக்கோன்னு பேரு. குரோம்ல ஒரு பக்கம் வெறும் வெள்ளையா நின்னா இதுல போய்ப் பாத்துக்கிடலாம். அதவிட முக்கியம், யூபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பு இதுல முழுசா ஓடும். குரோம் எக்ஸ்டென்சன் விதிய மாத்தினதுக்கப்புறம் அங்கன அதோட சக்தி கொறஞ்ச லைட் பதிப்புதான். செய்தி சைட்டெல்லாம் பாத்தீங்கன்னா செய்திய விட விளம்பரம்தான் கனம். அது இறங்காட்டி ராமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

ஃபயர்பாக்ஸ டவுன்லோடு பண்ணும்போது கூகுள்ல தேடாதீங்க. மேல வருத விளம்பர லிங்க்குல அதே பேரு, அதே படம் போட்டு வேற எதையாவது தலையில கட்டிருவாவ. முகவரிப் பெட்டியில மொசில்லா டாட் ஓஆர்ஜின்னு நீங்களே அடிச்சுப் போங்க.

மாறும்போது புக்மார்க்குலாம் எட்ஜ்ல ‘இம்போர்ட் பிரவுசர் டேட்டா’ குடுத்தாலே வந்துரும். பாஸ்வேர்டு சில சமயம் வராது. அப்போ குரோமோட பாஸ்வேர்டு மேனேஜர்ல எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரு சிஎஸ்வி ஃபைல் கிடைக்கும், அத எட்ஜ்ல ஏத்துங்க. ஏத்தின கையோட அந்த ஃபைல அழிச்சு, ரீசைக்கிள் பின்லயும் காலி பண்ணுங்க. அதுக்குப் பூட்டு கிடையாது, எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையா எக்செல்ல தெரியும்.

புதுசா மாறினவங்க அடிக்கடி கேக்கது, பேங்க்ல ஸ்டேட்மென்ட்ட அமுக்கினா ஒண்ணும் வரலங்கது. பாப்அப்ப, அதான் தனியா தொறக்குத ஜன்னல, பிரவுசர் தடுத்திருக்கும். முகவரிப் பெட்டியோட வலது ஓரத்துல சின்னதா ஒரு படம் வந்திருக்கும். அதத் தட்டி அந்த சைட்டுக்கு மட்டும் அனுமதி குடுங்க. எல்லா சைட்டுக்கும் தொறந்து விட்றாதீங்க.

இதெல்லாம் செஞ்சும் நின்னா, பிரவுசர் மேல கோவப்பட்டுப் பிரயோசனம் இல்ல. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அமுக்கினா விண்டோஸோட டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியத் தொட்டுப் பாருங்க. ராம் சொருகுத ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணு காலியா இருந்தா இன்னொரு 4 ஜிபி போடலாம். வேகம் 1333, 1600ன்னு இருந்தா உங்க ராம் டிடிஆர் 3 வகை, 2133ஓ அதுக்கு மேலயோன்னா டிடிஆர் 4 வகை. அதக் குறிச்சுக்கிட்டு கடைக்குப் போங்க, மாத்தி வாங்கினா ஸ்லாட்டுக்குள்ளயே போகாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியும் (சுத்தாத, வேகமான டிஸ்க்கு) போட்டா அந்த லைட்டு எரியுத கதையே முடிஞ்சுது.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓட சாதாரண சப்போர்ட்டு முடிஞ்சுது. ஆனா எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது அதுல அப்டேட் தருவோம்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிருக்கு. விண்டோஸ் 7 வச்சிருக்கவங்களுக்கு அந்த வசதி இல்ல. குரோம் 2023லயே 109ஆம் பதிப்போட நின்னுட்டு. அந்த மெசின்ல பாட்டுக் கேளுங்க, லெட்டர் அடிங்க. பேங்க் வேலைய போன்ல பாத்துக்கிடுங்க.