மெரிடித்தின் காலும் குரலும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

தொழில்முறைக் கால்பந்தின் தொடக்க காலத்தில் ஆடிய வேல்ஸ் நாட்டு வீரர் பில்லி மெரிடித்தின் வாழ்வில் ஓங்கி நிற்பது அவருடைய காலா, குரலா என்பதே இன்றைய தலைப்பு. காலின் பக்கம் நின்று எனக்கு முன் பேசிய நண்பர், 1904-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி அணியின் கேப்டனாக மெரிடித் அடித்த ஒரே கோலில் தொடங்கி, வேல்ஸ் நாட்டுக்காக அவர் ஆடிய 48 ஆட்டங்களையும், 49 வயதில் அதே கோப்பையின் அரையிறுதியில் களமிறங்கிய அதிசயத்தையும் அழகாக அடுக்கினார். அத்தனையும் உண்மை. எதிரணியின் வாதத்தை ஒப்புக்கொண்டா பேச்சைத் தொடங்குவது என்று என் அணித் தலைவர் முறைக்கிறார். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லி வெல்ல வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். வலது ஓரத்தில் பந்தோடு ஓடும்போது மெரிடித்தின் வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி இருக்குமாம். முதலில் புகையிலை மென்றுகொண்டிருந்தவர், சட்டையில் படிந்த கறையைத் துவைக்க மாட்டோம் என்று சலவைக்காரர்கள் மறுத்துவிட்டதால் குச்சிக்கு மாறினார் என்று ஒரு கதையும் உண்டு. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அந்தக் குச்சி ஒன்றே போதுமானதாக இருந்தது. நண்பர் குச்சியைப் பார்த்தார். நான் அந்தக் குச்சி இருந்த வாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்த வாய்க்குப் பேசக் கற்றுக்கொடுத்தது எது? மெரிடித் 1874-ஆம் ஆண்டு, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சிர்க் என்ற வேல்ஸ் நாட்டு ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் பிளாக் பார்க் சுரங்கத்துக்குள் இறங்கி, கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டும் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். 1894-இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்த பிறகும் சிறிது காலம் அவர் சுரங்க வேலையை விடவில்லை. கால்பந்து சோறு போடும் என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்துக்கு எளிதில் வரவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவனுக்கு, செய்த வேலைக்குக் கூலி என்ன, அடிபட்டால் வீட்டுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளும் மூச்சு விடுவது போல இயல்பானவை. பிற்காலத்தில் மெரிடித் கால்பந்து உலகைப் பார்த்துக் கேட்டதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

அந்தக் காலத்தில் கால்பந்து ஆட்டக்காரனின் நிலை என்ன என்பதை அவை அறிந்தால்தான் குரலின் எடை புரியும். ஆட்டத்துக்குக் கூலி வாங்குவதையே 1885-இல்தான் இங்கிலாந்துக் கால்பந்தின் ஆட்சிமன்றமான எஃப்.ஏ. வேண்டா வெறுப்பாக அனுமதித்தது. 1901-இலிருந்து, எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது, வெற்றிக்கு ஊக்கத்தொகையும் கூடாது என்று விதி வந்தது. அதற்கும் முன்பிருந்தே இன்னொரு கட்டு இருந்தது: ஒப்பந்தம் முடிந்தாலும், பழைய கிளப் விடுவித்தால் அன்றி லீக்கில் வேறொரு கிளப்புக்கு ஆட முடியாது. 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை சண்டர்லேண்டிடமிருந்து மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டு கொடுத்து வாங்கியபோது நாடே வாயைப் பிளந்தது. அந்த ஆயிரம் கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போனது, ஆட்டக்காரருக்கோ அதே 4 பவுண்டு உச்சவரம்புதான். மாட்டுச்சந்தையில் துண்டு போட்டு விரல் பிடித்து விலை பேசுவார்களே, அங்கும் விலை எவ்வளவு ஏறினாலும் மாட்டுக்கு அதே வைக்கோல்தான்.

4 பவுண்டு என்பது அன்றைய தேர்ந்த கைத்தொழிலாளியின் கூலியைவிட அதிகம்தானே என்று எதிரணி கேட்கும். அதிகம்தான். ஆனால் அந்தக் கைத்தொழிலாளி அறுபது வயது வரை வேலை செய்யலாம். ஓரத்தில் ஓடி ஆடும் விங்கரின் முழங்கால் முப்பது வயதைத் தாண்டுவதே பெரும்பாடு. தவிரவும், 61,000 பேருக்கு மேல் காசு கொடுத்து வந்து பார்த்த அந்த 1904 இறுதியாட்டத்தில் கோல் அடித்தவருக்கும் விதிப்படி அதே 4 பவுண்டுதான் என்றால், மிச்சம் எங்கே போயிற்று என்ற கேள்வியைச் சுரங்கத்திலிருந்து வந்தவன் கேட்காமல் வேறு யார் கேட்பான்?

இனி, எதிரணி என்னைத் தப்ப விடக்கூடாது என்று காத்திருக்கும் இடத்துக்கு நானே வருகிறேன். 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம். ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி வென்றால் லீக் பட்டத்துக்கு வாய்ப்பு உண்டு. ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. சிட்டி 2-3 என்று தோற்றது. பின்னர் வெளியான செய்திதான் பெரிது: ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் 10 பவுண்டு தருவதாக வில்லா கேப்டன் அலெக் லீக் என்பவரிடம் மெரிடித் பேசினார் என்பது குற்றச்சாட்டு. எஃப்.ஏ. அவரை அடுத்த பருவம் முழுவதும் ஆடவிடாமல் தடை விதித்தது. அவர் முதலில் மறுத்தார், பின்னர் ஒப்புக்கொண்டார்.

இதைக் கொண்டு வந்து, கையூட்டு கொடுக்க முயன்றவரின் குரலையா போற்றுகிறீர்கள் என்று நக்கீரர் போல என் எதிரில் நிற்பார்கள். நான் குற்றத்தை மறைக்கவில்லை, அது குற்றம்தான். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். தடைக்காலத்தில் சம்பளம் கொடுக்கக் கிளப்புக்கு அனுமதி இல்லை. மெரிடித்தோ நாள்தோறும் கிளப்புக்குப் போய்ப் பணத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தொல்லை தாங்காத கிளப், பழைய தலையாட்டி பொம்மையாக அவர் அடங்குவார் என்று எண்ணி, அவர்மீது எஃப்.ஏ.விடம் புகார் கொடுத்தது. அங்கேதான் கணக்குத் தப்பியது. மெரிடித் வாயைத் திறந்தார். அந்தப் 10 பவுண்டு யோசனை தன்னுடையது மட்டுமல்ல, தான் மற்றவர்களின் சார்பில் பேசியவன் மட்டுமே என்றார். மேலாளர் டாம் மேலியின் பெயரைச் சொன்னார். வாரம் 4 பவுண்டு என்று உலகுக்குக் கணக்குக் காட்டிய சிட்டி, தனக்கு 6 பவுண்டு கொடுத்துவந்ததையும் போட்டு உடைத்தார்.

விளைவு இடி விழுந்தது போல் இருந்தது. 1906-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எஃப்.ஏ. மேலாளரையும் கிளப் தலைவரையும் கால்பந்தை விட்டே விலக்கியது. 17 ஆட்டக்காரர்களுக்கு அபராதம். 1907 ஜனவரி முதல் நாள் வரை தடை. மறுபடி சிட்டிக்கு ஆடவும் கூடாது. மேலியும் மற்றவர்களும் செய்தது நாடெங்கும் பல கிளப்புகள் மேசைக்கு அடியில் செய்துவந்ததுதான். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் சொல்லாத உண்மையை, தன் பெயரும் சேர்ந்து கெடும் என்று தெரிந்தே ஒருவர் சபையில் வைத்தார்.

பணம் நின்ற பிறகுதானே பேசினார், அதற்கு முன் 6 பவுண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாரே என்று நண்பர் இடைமறித்தார். சரியான கேள்வி. மெரிடித்தை நான் மகானாகக் காட்ட வரவில்லை. வயிற்றில் அடி விழுந்தபோதுதான் அவர் பேசினார். உலகில் எழுந்த தொழிலாளர் குரல்களில் எத்தனை வயிறு நிறைந்திருந்தபோது எழுந்தவை என்று நண்பர் சொல்லட்டும். என் வாதத்துக்கு முக்கியமானது வேறு. தன் பாக்கியை வாங்கிக்கொண்டு அடங்கியிருந்தால் அது வெறும் சண்டை. மெரிடித் அதோடு நிற்கவில்லை.

தடை நீங்கிய அன்றே, 1907 புத்தாண்டு நாளில், அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் அவர் களமிறங்கினார். எதிரில் நின்ற அணி, வேடிக்கையைப் பாருங்கள், அதே ஆஸ்டன் வில்லா. மெரிடித் தூக்கிக் கொடுத்த பந்தில் சாண்டி டர்ன்புல் கோல் அடிக்க, யுனைடெட் 1-0 என்று வென்றது. இதை நான் காலின் கணக்கில் எழுதிக்கொள்ள அனுமதிக்கிறேன்.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் யுனைடெட்டின் இரண்டாம் அணி ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி எதிரணி வாய் திறக்கவில்லை. டாமி பிளாக்ஸ்டாக் என்ற ஆட்டக்காரர் பந்தைத் தலையால் முட்டிய சற்று நேரத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். இயற்கை மரணம் என்று விசாரணை முடிந்தது. குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை. சுரங்கத்தில் கல் விழுந்து ஒருவன் செத்தால்கூடச் சட்டப்படி கேட்க வழியிருந்த காலம் அது. ஆடுகளத்தில் செத்தவனுக்கு நாதியில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடினார்கள். கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் பில்லி மெரிடித். அன்று பிறந்ததுதான் ஆட்டக்காரர் சங்கம். பத்தாண்டுகளுக்கு முன் இப்படி ஒரு முயற்சி தோன்றித் தளர்ந்து போயிருந்தது, இது நிலைத்தது.

ஊரில் பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். மெரிடித்துக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. யுனைடெட் அந்தப் பருவத்தில் லீக் பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. விருந்து இலையில் வந்துகொண்டிருந்த நேரத்தில் எழுந்து படைக்குப் போனவரை என்னவென்று சொல்வது?

படை 1909-இல் வந்தது. சங்கம் மற்றத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்போடு கைகோத்ததை எஃப்.ஏ.வால் பொறுக்க முடியவில்லை. ஜூலை முதல் நாளுக்குள் சங்கத்தை விட்டு விலகாதவனுக்கு ஆட்டமும் இல்லை, கூலியும் இல்லை என்று ஆணை வந்தது. மற்றக் கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டு விலகினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு, அவர்களை நான் பழிக்க மாட்டேன். ஏப்ரலில்தான் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த யுனைடெட் வீரர்கள் மட்டும் அணியாக மறுத்து நின்றார்கள். சொந்த மைதானம் மூடப்பட்டுவிட, மான்செஸ்டரின் ஃபாலோஃபீல்டு பகுதியில் இடம் பார்த்துப் பயிற்சி செய்தார்கள். ஒரு நாள் புகைப்படம் எடுக்க வந்தவர் முன்னால், ஒரு பலகையில் 'அவுட்காஸ்ட்ஸ் எஃப்.சி. 1909' என்று எழுதி, அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் அணி! அந்தப் படத்தின் நடுவில் இருப்பவர் கேப்டன் சார்லி ராபர்ட்ஸ். மெரிடித் பின்வரிசையில் நிற்கிறார். அந்தப் போராட்டத்தின் முகம் ராபர்ட்ஸ்தான் என்று எதிரணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குரல் கொடுத்தவன் அடுத்தவன் முன்னால் உட்கார இடம் விட்டுப் பின்னால் நிற்பதில் குரலுக்கு என்ன குறை?

பருவம் தொடங்கும் முதல் நாளுக்கு முந்தைய நாள் எஃப்.ஏ. இறங்கி வந்தது. சங்கம் ஏற்கப்பட்டது, ஊக்கத்தொகைக்கும் வழி திறந்தது. அடுத்த நாள் யுனைடெட் வீரர்கள் கையில் சங்கப் பட்டையோடு ஆடினார்கள். ஆனால் முழு வெற்றியல்ல. கூட்டமைப்பின் தொடர்பை அந்த இலையுதிர் காலத்திலேயே ஆட்டக்காரர்கள் வாக்களித்துக் கைவிட்டார்கள். சம்பள வரம்பும் ஆட்டக்காரனைக் கட்டிப்போடும் விதியும் அப்படியே நின்றன. மறு ஆண்டு பிப்ரவரியில் கிளப் தலைவர் ஜே. எச். டேவிஸின் பணத்தில் ஓல்டு டிராஃபோர்டு என்ற பெரும் மைதானம் திறக்கப்பட்டது. செங்கல்லுக்கும் இரும்புக்கும் இருந்த பணம் அதில் ஓடப்போகும் கால்களுக்கு இல்லாமல் போனது.

அப்படியென்றால் அந்தக் குரல் தோற்றுவிட்டதா? கால் வென்ற கோப்பைகளாவது கையில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அந்தச் சங்கம் 1961-இல் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்தபோதுதான் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. மெரிடித் இறந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விதைத்தவன் அறுக்கவில்லை என்பதற்காக வயல் அவனுடையதல்ல என்று ஆகிவிடாது. இன்று ஏதோ ஒரு விங்கர் ஒரு வாரத்தில் பெறும் தொகையை, மெரிடித் தன் ஆட்ட வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

1924-இல் தன் 49-வது வயதில் அவர் ஆடிய அந்த அரையிறுதியை எதிரணி அதிசயம் என்றது. பின்னாளில் அவர் திரும்பிச் சேர்ந்திருந்த சிட்டி, நியூகாசிலிடம் 0-2 என்று தோற்ற ஆட்டம் அது. ஐம்பதை நெருங்கும் ஒருவர் ஆடியதில் விளையாட்டின் மீதிருந்த காதல் பாதி என்றால், வாழ்நாள் முழுவதும் உச்சவரம்புக்குள் உழைத்தவரின் கணக்குப் புத்தகம் மறுபாதியாக இருந்திருக்காதா என்று நான் ஐயப்படுகிறேன். இது என் ஊகம். நடுவர் அதற்கு மதிப்பெண் தர வேண்டாம். மதுவைத் தொடாத அந்த மனிதர் பிழைப்புக்காக மதுக்கடை நடத்தினார் என்பது ஊகமல்ல.

1958 ஏப்ரலில், மியூனிக் விமான விபத்தில் யுனைடெட்டின் இளம் வீரர்கள் மாண்ட துயரம் ஆறுவதற்குள், 83 வயதில் மெரிடித் இறந்தார். மான்செஸ்டர் சதர்ன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழிமேட்டில் பெயர் எழுதிய கல் கிடையாது. இரண்டு கிளப்புகளுக்குமாக 700-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஓடிய கால்கள் அங்கேதான் கிடந்தன; கால் ஓங்கி நின்றதென்றால், அந்தக் கல் ஏன் அத்தனை காலம் வரவில்லை என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்கட்டும். 2001-இல் கல் வந்தது. அதற்குப் பொறுப்பேற்றவர்களில் இரு கிளப்புகள் உண்டு, வேல்ஸ் கால்பந்து அமைப்பு உண்டு. அவர்களோடு நின்ற நான்காவது, இம்பீரியல் ஹோட்டலில் அவர் தலைமையில் பிறந்த அந்த ஆட்டக்காரர் சங்கம்.